கொண்டு போயிட்டு வாங்க

கொச்சியில் அந்தக் கண்காட்சி திறந்த மாலையில் யார் யார் வந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டைகளைச் சுவரில் ஏற்றிய கலைஞர் வந்திருந்தார். கூடத்தின் உரிமையாளரும் மேலாளரும் இருந்தார்கள். ஒரு வங்கியின் பெரிய அதிகாரி, வெளிநாட்டுக்காரர்கள் நாலைந்து பேர், பத்திரிகைக்காரர்கள், கைத்தறிக் குர்த்தாவும் கனத்த மணிமாலையுமாகக் கூட்டம் சேர்ந்திருந்தது. நானும் இருந்தேன், அழைப்பு இல்லாமல். ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் அங்கே ஆணியடித்து விளக்குக் கட்டும் வேலையில் இருந்தான். அவன் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனான்.

வராதவர்கள் ஏழு பேர். சுவரில் தொங்கிய ஏழு சட்டைகளையும் போட்டு வேலை செய்த பெண்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா. அந்த நேரத்துக்கு அவர்களில் ஆறு பேர் கம்பத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில், தோட்டத்திலிருந்து திரும்பி வந்து உலை வைத்துக்கொண்டிருப்பார்கள். அழைக்கவில்லை என்பது இருக்கட்டும். தங்கள் சட்டை கொச்சியில் தொங்குகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். புருஷனோ தம்பியோ மகனோ போட்டுக் கழித்த சட்டை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் அது இல்லாமல் நிற்க முடியாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிக்கு அடித்த மருந்து இலையில் காய்ந்திருக்கும். அண்ணாந்து, கையைத் தூக்கி, கொத்துக் கொத்தாகப் பிஞ்சு கழிக்கும்போது அது பொடியாக உதிரும். பனியில் கரைந்து சொட்டாகவும் இறங்கும், பட்ட இடம் எரியும். அம்மா போட்டிருந்தது நான் பன்னிரண்டாவது படித்தபோது தைத்த பள்ளிக்கூடச் சட்டை. வெள்ளைச் சட்டைதான். இரண்டு பருவத்தில் தோளும் காலரும் நீலம் பாரித்துவிட்டன. எந்தச் சோப்புக்கும் போகாத நீலம்.

அதைப் பார்க்கத்தான் அந்தக் கலைஞர் வந்திருக்கிறார். இரண்டாயிரத்து எட்டு வாக்கில், ஒரு திராட்சைப் பருவத்தில். நான் அப்போது அல்லிநகரத்தில் ஒரு டிஜிட்டல் பேனர் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குப் போவேன். ஒரு ஞாயிறு அம்மா சொன்னாள்.

“ஒரு டீச்சர் வந்தாகடா.”

“என்ன டீச்சர்?”

“என்ன டீச்சர்னா கேட்டோம்? பார்க்க டீச்சர் மாதிரி இருந்தாக. கம்பத்துல ரூம் போட்டுத் தங்கி, தெனம் காருல வந்தாக. நம்ம தூக்குச்சட்டியில இருந்து சோறு வாங்கித் தின்னாக. நல்ல மாதிரிதேன். எங்க தோளப் பார்த்துட்டு, ஆகாசம் மாதிரி இருக்குன்னாக.”

“ஆகாசமா?”

“ஆமா. நாங்க சிரிச்ச சிரிப்புல தோட்டக்காரரு ஓடி வந்துட்டாரு, என்னமோ ஏதோன்னு. ஆகாசம் எரியும்னு டீச்சருக்கு எப்படித் தெரியும்?”

கடைசி நாளில் டீச்சர் அந்த ஏழு சட்டைகளையும் கேட்டிருக்கிறார். கையில் கேமராவோடு ஓர் ஆளும் நின்றிருக்கிறான். ஏழு பேரும் சட்டையைக் கழற்றி மடித்துக் கொடுத்தார்கள். என் அம்மாதான் ஏழு பேர் சார்பிலும் சொன்னாள், “கொண்டு போயிட்டு வாங்க டீச்சர்” என்று.

எங்கள் ஊரில் யாராவது ஏணி கேட்டு வந்தால் அப்படித்தான் சொல்வோம். அண்டா கேட்டு வந்தாலும், மண்வெட்டி கேட்டு வந்தாலும் அப்படித்தான். கொண்டு போ என்று மொட்டையாகச் சொல்வதில்லை. கொண்டு போயிட்டு வா. கொடுத்ததைத் திரும்பக் கேட்கும் அசிங்கம் பிறகு வேண்டாம் என்று, கொடுக்கும்போதே அந்த ‘வா’வைச் சேர்த்துச் சொல்லிவிடுவது. இனாமாகக் கொடுத்தால் வேறு சொல் இருக்கிறது: வச்சுக்க. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

டீச்சர் கொண்டு போனார். வரவில்லை. எழுதிக் கொடுத்துப் போன கைபேசி எண்ணில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. ஆறு பேர் வேறு பழைய சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். ஏழாவது ஆளுக்குத்தான் அது முடியாமல் போயிற்று.

அவள் தேவதானப்பட்டியிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். புருஷன் கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவன். அவள் கொடுத்தது அவனுடைய சட்டை. அன்று சாயங்காலமே மாமியார் பிடித்துக்கொண்டாள். கட்டினவன் உடுத்தின துணியை, அவன் வேர்வை பட்ட துணியை, பேர் ஊர் தெரியாத ஒருத்தியிடம் கொடுத்து வந்திருக்கிறாளே, அதை வைத்து எவள் என்ன செய்வாளோ என்று. ஏதோ செய்வினை வைத்துவிடுவார்கள் என்ற பயம் எங்கள் ஊரில் படித்த வீடுகளிலும் உண்டு. யாரும் சிரிக்க வேண்டாம். கொஞ்ச நாளில் கம்பம் மெட்டு வளைவில் ஜீப் சறுக்கி அவனுக்குக் கை முறிந்தது. மழையில் தேய்ந்த டயர்தான் காரணம் என்று அவனே சொன்னான். அவன் சொன்னதை யார் கேட்டார்கள்?

இந்தத் தடவை மாமியார் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. துணிப்பையைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள். “சட்டையோட வந்தா வா” என்று மட்டும் சொன்னாள். அவள் தேவதானப்பட்டியில் பிறந்த வீட்டில் போய் உட்கார்ந்தாள். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. “நாந்தானடா ஏழு பேருக்கும் சேர்த்து வாயத் தொறந்தேன்” என்பாள்.

இந்த நிலையில்தான் நண்பன் கொச்சியிலிருந்து கூப்பிட்டான். “மாப்ள, உங்க ஊரு திராட்சைத் தோட்டத்த வச்சு ஒரு வேலை ஏறிருக்கு. நாளைக்குத் திறப்பு. பார்க்க வர்றியா?” குமுளி வழியாக பஸ் பிடித்தேன்.

வெள்ளைச் சுவரில் ஏழு சட்டைகளும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. உள்ளே கம்பி கொடுத்து, பந்தலடியில் நிற்பது போலவே தூக்கி வைத்திருந்தார்கள். விளக்கு நன்றாக விழுந்தது. பொய் சொல்லக் கூடாது, பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவதாக என் பள்ளிக்கூடச் சட்டை. பையில் நான் ஒழுகவிட்ட பேனா மை அப்படியே இருந்தது.

பக்கத்தில் இருந்த அட்டையைப் படித்தேன். எல்லாம் ஆங்கிலம். வேலையின் தலைப்பு, தமிழில் சொன்னால், ‘பெயரற்ற தோள்கள்’. கீழே கலைஞரின் பெயர், பெரிய எழுத்தில். அதற்கும் கீழே: கம்பம் பள்ளத்தாக்கின் பெயர் தெரியாத பெண் தொழிலாளர்கள் அன்புடன் வழங்கிய உடைகள்.

பெயர் தெரியாத பெண்கள். இவர்கள் தூக்குச்சட்டியில் இருந்துதான் அவர் சோறு தின்றார். நாள் முழுக்கப் பந்தலடியில் ஒருத்தியை ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டேதான் வேலை செய்வார்கள், அந்தக் கூப்பாடு அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்கும். ஒரு பேராவது காதில் விழவில்லையா? இதை எழுதும் நானும் பேர் போடவில்லை என்று யாராவது கேட்கலாம். நான் கேட்டேன், வேண்டாம் என்றார்கள், தோட்டக்காரர் கூலிக்குக் கூப்பிடமாட்டார் என்று. கேட்டுவிட்டு விடுவது வேறு, கேட்காமலே இல்லை என்று எழுதுவது வேறு.

அடுத்த அறையில் ஒரு பழைய எண்ணெய் ஓவியம் மாட்டியிருந்தது. அதன் அட்டையில் ஒரு தொழிலதிபரின் முழுப் பெயர். அவருடைய சேகரிப்பிலிருந்து இரவலாகப் பெறப்பட்டது என்று எழுதியிருந்தது. இரவல் என்ற சொல் அந்தக் கூடத்துக்குத் தெரியும். பணக்காரர் கொடுத்தால் இரவல், பெயரோடு. என் அம்மா கொடுத்தால் அன்பளிப்பு, பெயரில்லாமல்.

சட்டைகளுக்கு எதிரே ஒரு டிவியில் அந்த வீடியோ சுற்றிச் சுற்றி ஓடியது. அம்மா சட்டையை மடித்து நீட்டுகிறாள். “கொண்டு போயிட்டு வாங்க டீச்சர்” என்கிறாள். கீழே ஆங்கில எழுத்து ஓடுகிறது: தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி நீட்டுகிறாள். மறுபடி சொல்கிறாள். மறுபடியும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அறையில் அவள் சொன்னது விளங்கியது எனக்கும் நண்பனுக்கும் மட்டும்தான். இன்னொருவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவரிடம் போனேன்.

“உங்க அம்மாவா அது?” என்று கலைஞர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “என்ன ஒரு கண்ணியமான முகம்.”

நான் தேவதானப்பட்டிப் பெண்ணின் கதையைச் சொன்னேன். அந்த ஒரு சட்டையையாவது திருப்பித் தர வேண்டும் என்றேன்.

“அச்சச்சோ. ஆனா அவங்க மனசாரக் கொடுத்தாங்களே. வீடியோவுலயே இருக்கு பாருங்க.”

“கொண்டு போயிட்டு வாங்கன்னு சொல்றாங்க மேடம்.”

“அது நம்ம பண்பாடு இல்லையா? யாரையும் போன்னு சொல்ல மாட்டோம். போயிட்டு வாங்கன்னுதானே சொல்லுவோம்.”

“ஆளுக்குச் சொன்னா பண்பாடு மேடம். பொருளுக்குச் சொன்னா இரவல்.”

அவர் கண் மின்னியது. “எவ்வளவு அழகா சொல்றீங்க. இத நான் எழுதிக்கலாமா?”

எழுதிக்கொண்டார். என் கண் முன்னால், கைப்பையிலிருந்து பேனா எடுத்து. அதற்குள் யாரோ வந்து அவரை அழைத்துப்போனார்கள். சட்டை பற்றிப் பதில் வரவில்லை.

பிறகு பேச்சு தொடங்கியது. கலையுலகத்தின் கதவுகளை எப்படி அகலத் திறப்பது, விளிம்பில் இருப்பவர்களை எப்படி உள்ளடக்குவது என்று நாலு பேர் நாற்காலி போட்டுப் பேசினார்கள், நல்ல ஆங்கிலத்தில். தமிழில் உள்ளடக்குவது என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சொல்லை அன்றுதான் பிரித்துப் பார்த்தேன். உள்ளே, அடக்குவது. சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஓவியக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, நான் வரைந்ததை மாட்டி வைத்து ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் விவாதிக்கும்போது, பாதி புரிந்த முகத்தோடு நிற்பேன். நன்றாக இருக்கிறது, ஆனால் இது கலையா கைவேலையா என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியாமலேதான் பட்டம் வாங்கிக்கொண்டு பேனர் கடைக்கு வந்தேன். கடையில் காதுகுத்துக்கும் சடங்குக்கும் பேனர் போடுவோம். கீழே வரிசையாகச் சொந்தக்காரர்களின் பாஸ்போர்ட் படம், ஒவ்வொன்றுக்கும் கீழே பேர். ஒரு தாய்மாமன் படம் விட்டுப்போனால் அவ்வளவுதான், பந்தலுக்குள் வர மாட்டேன் என்று நிற்பார், நாங்கள் கைக்காசில் வேறு அடித்துக் கொடுப்போம். கல்லூரி நண்பர்கள் அந்தப் பேனர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அன்று அந்த வெள்ளைச் சுவர் முன்னால் நின்றபோது, எங்கள் கடை பேனருக்கு இருந்த நியாயம் இந்தக் கூடத்துக்கு இல்லையே என்று உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

ஊருக்கு வந்து சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. “சட்ட இருக்குல்ல? அது போதும். போய்க் கேப்போம்” என்றாள். ஊரில் இருந்த ஆறு பேரும் ஒருநாள் வேலையை விட்டார்கள். தேவதானப்பட்டிக்கு ஆள் அனுப்பி அந்தப் பெண்ணையும் வரவழைத்தார்கள். ஒரு வேன் பேசி, விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். எல்லோரும் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, என்னமோ பெண் பார்க்கப் போவது மாதிரி இருந்தது. ஏழு பேரில் வாய்க்காரி ஒருத்தி உண்டு, எனக்கு அத்தை முறை. வழி நெடுக அவள் பேச்சுதான். “நம்மளத்தேன் ஒருத்தரும் கூப்பிடல. சட்டைக்கு வந்த யோகத்தப் பாரு, கொச்சியில குளுகுளு ரூமுல நிக்கிது.”

கூடத்தின் வாசலில் காவலாளி மறித்தார். கூட்டமாக வந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமாம். நான் ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருந்தேன். அம்மா என்னை ஒதுக்கிவிட்டு, ஏலத்தோட்டத்தில் கற்ற மலையாளத்தில் கேட்டாள். “சேட்டா, ஞங்ஙளோட சாதனம் அகத்துண்டு. ஒண்ணு காணணும்.” எங்கள் பொருள் உள்ளே இருக்கிறது, ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று. மலையாளத்தில் சாதனம் என்றால் வெறும் பொருள்தான். காவலாளி ஏழு பேரையும் பார்த்தார், உள்ளே தொங்கும் ஏழு சட்டைகளையும் திரும்பிப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார். செருப்போடு போகலாம் என்று அவர் சொல்லச் சொல்ல, எல்லோரும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

உள்ளே போனதும் ஒவ்வொருத்தியும் தன் சட்டையைக் கண்ணால் தேடினாள். பிறகு வாய்க்கார அத்தைதான் தொடங்கினாள். “ஏத்தா, எஞ் சட்டையப் பாரு. எம் மேல இருந்தப்ப இம்புட்டு அழகா இல்லையே.” சிரிப்பு கிளம்பியது. அம்மா அட்டையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்னச் சிவப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டாள். “பொட்டெல்லாம் வச்சு மருவாதையாத்தேன் வச்சிருக்காக” என்றாள். அது என்னவென்று எனக்குத் தெரியும்.

தேவதானப்பட்டிப் பெண் சிரிக்கவில்லை. ஆறாவது சட்டை முன்னால் போய் நின்றாள். வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் கறுப்பு நூலில் தைத்தது. அவள் தைத்தது. அதைத் தொடக் கையை நீட்டினாள். தொடக் கூடாது என்று ஓடி வந்தார் மேலாளர்.

அதற்குள் வீடியோ மறுபடி தொடங்கிவிட்டது. தன் குரலைக் கேட்டு அம்மா திரும்பினாள். இரண்டு சுற்றுப் பார்த்தாள்.

“ஏலே, கீழ என்னமோ எழுத்து ஓடுதே, அது என்ன?”

“நீ சொல்றத இங்கிலீஷ்ல போட்டிருக்காங்கம்மா.”

“என்னன்னு போட்டிருக்கு?”

“எடுத்துக்கங்கன்னு.”

“நான் அப்படிச் சொல்லலையே.” மேலாளரைப் பார்த்தாள். அவர் கொஞ்சம் தமிழ் பேசுவார். “சார், நான் வாங்கன்னு சொல்லிருக்கேன். நல்லாக் கேளுங்க. கொண்டு போயிட்டு, வாங்க. அந்த வாங்கவ எங்கன விட்டாக?”

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார். பிறகு பொறுமையாக விளக்கினார், இந்த வேலை விற்றுப்போய்விட்டது, அந்தச் சிவப்புப் புள்ளிக்கு அதுதான் அர்த்தம், இனி சட்டைகள் வாங்கியவருடைய சொத்து என்று. அம்மா டீக் கிளாசைக் கீழே வைத்தாள்.

“வித்தாச்சா?”

“ஆமாம்மா.”

“பொட்டுன்னா வித்ததுன்னு அர்த்தமா?”

அவர் தலையாட்டினார். அம்மா எழுந்து போய், ஸ்டிக்கர் பொட்டை எடுப்பது போல் அந்த வட்டத்தை நகத்தால் உரித்து, கொண்டுவந்து அவர் மேஜைக் கண்ணாடியில் ஒட்டினாள். “இரவல் வாங்கின சாமானுக்கு எதுக்கு சார் பொட்டு?”

அப்போது ஓர் உதவியாளன் கைபேசியில் இதையெல்லாம் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தான். வாய்க்கார அத்தை முந்தானையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். “அத அணைக்கச் சொல்லுப்பா. இதையும் கொண்டு போயிட்டு வராம இருந்துருவாக.”

மேலாளர் கலைஞரைத் தொலைபேசியில் பிடித்தார். அவர் டெல்லியில் இருந்தார். எல்லோரும் கேட்கும்படி குரலைத் திறந்து வைத்தார்கள். “நீங்க எல்லாரும் வந்திருக்கீங்களா, எனக்கு அழுகையே வருது” என்றார். அம்மா, அழ வேண்டாம் டீச்சர், சட்டையைக் கொடுத்தால் போதும் என்றாள். அந்தப் பெண்ணின் வாழ்க்கை நிற்கிறது என்று சொன்னாள். பிறகு அவர் மேலாளரிடம் சொன்னார், “அந்தப் பொண்ணோட சட்டைய மட்டும் கொடுத்திடுங்க. அதுக்குப் பதிலா வேற ஒரு வெள்ளைச் சட்டையில நீலம் தெளிச்சு மாட்டிடுங்க. மொத்தம் ஏழு இருக்கணும், அவ்வளவுதான்.”

“அப்ப யாரு சட்டைன்னு ஒண்ணும் இல்லையா டீச்சர்?” என்று அம்மா கேட்டாள்.

அதற்குள் இணைப்பு போய்விட்டது. போய்விட்டதா, துண்டித்தாரா, தெரியாது.

வேறு வெள்ளைச் சட்டைக்கு எங்கே போவது? அந்த இடத்தில் வெள்ளைச் சட்டை போட்டிருந்தவன் நான் ஒருவன்தான். பெரிய இடம் என்று தேய்த்துப் போட்டுப் போயிருந்தேன். கழற்றிக் கொடுத்தேன். நண்பன் உள்ளே கொண்டுபோய் நீலப் பெயிண்டைத் தண்ணீரில் கரைத்து, தோளிலும் காலரிலும் தூரிகையால் உதறினான். மின்விசிறிக்கு அடியில் காயவைத்து, கம்பி மாட்டி, ஆறாவது இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினான். அந்தக் கூடத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பெயரற்றவர்களின் சட்டை என்று சுவரில் எழுதிவிட்டால் பிறகு யார் சட்டையாக இருந்தால் என்ன? பேனர் கடைக்காரன் சட்டையும் ஆகும். மேலாளர் சட்டையும் ஆகியிருக்கும், அவர் கறுப்புப் போட்டிருந்தார், அதனால் தப்பித்தார்.

அம்மா கிட்டத்தில் போய் என் சட்டைத் தோளைத் தொட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை.

“இது எரியாதுல்ல?” என்றாள்.

கிளம்பும்போது மேலாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். மற்ற ஆறு சட்டையும் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் கொடுத்தோம் என்று போடாமல் இரவல் என்று போடச் சொல்லுங்கள் என்று. கலைஞரிடம் பேசுகிறேன் என்றார். நான் பனியனோடு நின்றபடி அடுத்த அறையைக் காட்டினேன். அந்த முதலாளியின் படத்துக்குப் போட்டிருக்கிறீர்களே, அதே சொல்தான், புதிதாகக்கூட அடிக்க வேண்டாம் என்றேன். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மற்ற ஆறு பேரும் நானுமாகப் போய் அந்தப் பெண்ணை மாமியார் வீட்டு வாசலில் விட்டோம். கை கட்டுப்போட்டிருந்த புருஷன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமியார் சட்டையை வாங்கி, விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு நூல் பொத்தானை விரலால் நெருடினாள். “இதுதேன்” என்றாள். பிறகு அவளைப் பார்த்து, “வந்துட்டில்ல, உள்ள வா. இட்லி ஆறுது” என்றாள். அடுத்த வாரம் அவள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு பந்தலுக்கு வந்தாள்.

அட்டையில் எழுத்து மாறவில்லை என்று நண்பன் பிறகு சொன்னான். சிவப்பு வட்டம் அன்று மாலையே திரும்ப ஏறிவிட்டது. கண்காட்சி டெல்லிக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்தும் போயிற்றாம். அம்மா இன்னும் அந்த டிவியில் ‘கொண்டு போயிட்டு வாங்க’ என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பாள், கீழே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். கலையை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டதாக அந்த ஊரிலும் நாலு நாற்காலி போட்டுப் பேசியிருப்பார்கள்.

ஏழு பெண்களும் பங்கு போட்டுக்கொண்ட செலவு இது. வேன் வாடகை மூவாயிரம், ஒருநாள் கூலி போனது அறுநூற்று முப்பது, வழியில் சாப்பாடு நானூற்றுப் பத்து, பனியனோடு ஊருக்குள் வரக் கூடாது என்று குமுளியில் எனக்கு வாங்கிய சட்டை நூற்று எழுபது. தங்கள் சட்டைகளில் ஒன்றைத் திரும்பக் கொண்டுவர அவர்களுக்கு ஆனது நாலாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.